யோசித்து நிமிரும் கோல்

மூன்றாவது பாரையும் போன பிறகுதான்
கோலின் மேல் சந்தேகம் வந்தது.

அதுவரை கொக்கியைத் திட்டினேன்.
முடிச்சைத் திட்டினேன்.
குந்துகால் பாறையில் பக்கத்தில் நின்று
கோழிக்குடல் கோத்துப் போடும்
அருளப்பனின் ஓயாத பேச்சைத் திட்டினேன்.
அவன் வராத ஞாயிற்றிலும் மீன் போனது.

கறுப்புக் கார்பன் கோல்.
தோகாவிலிருந்து கொழுந்தன் கொண்டுவந்தது.
ஈர்க்கு எடை, இரும்பு முதுகு.
கல்லா மணலா பாசியா என்று
தங்கூசி வழியே மணிக்கட்டுக்குச் சேதி வரும்.
எல்லாம் தெரிந்த கோல்.
மீனை மட்டும் கரைசேர்க்காது.

என் கையும் அப்படித்தான்.
பத்தொன்பது வருடமாக
ராமநாதபுரம் கோர்ட்டில் சுருக்கெழுத்து.
சாட்சி ‘அப்ப வந்து...’ என்று இழுக்கும்போதே
அடுத்த சொல்லுக்கான கோடு
பென்சில் முனையில் வளைந்து நிற்கும்.
அவர் சொல்லாததையும் சிலசமயம்
எழுதிவிட்டு அடித்திருக்கிறேன்.

அந்தக் கை
லூரை ஒரு வாய் தொட்டதும் வெட்டி இழுக்கிறது.
வயிற்றிலொன்று வாலிலொன்றாய்
மும்முனைக் கொக்கிகள், மெல்லிய கம்பி,
உதட்டுத் தோலில் பட்டதும் படாததுமாய்
கிழித்துக்கொண்டு திரும்பிவிடும்.
வெறும் லூர் பறந்து என் முகத்துக்கே வரும்.
ஒருமுறை துப்பட்டாவில் மாட்டியது.
அன்றைக்கு நான் பிடித்தது என்னைத்தான்.

சனிக்கிழமை, சாலைத் தெரு.
கிரிக்கெட் மட்டைக்கும் கேரம் பவுடருக்கும் நடுவே
நாகூர்கனி கடையில் பதினோரு கோல்.
“இது ஃபாஸ்ட்டுக்கா. இது எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்.”
ஃபாஸ்ட் வேண்டாம் என்றேன்.
செல்போனிலிருந்து தலையெடுத்துப் பார்த்தான்.

கூரைப் பலகையில் நுனியை ஊன்றி
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
நுனி மட்டும் குனிந்து மற்றதெல்லாம் விறைத்தது ஒன்று.
குனியவே மாட்டேன் என்றது ஒன்று,
அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.
இன்னொன்று கைப்பிடி வரை தளர்ந்து
ஈரத்துணி மாதிரித் தொங்கியது;
எறிந்தால் லூர் என் காலடியில்தான் விழும்.

துடைப்பத்துக்குப் பின்னால்
பச்சை ஃபைபர் கோல். ஏழடி.
கனம் கொஞ்சம் கூட.
அழுத்தினேன்,
முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு நுனி, பிறகு நடு,
வளைவு பாதிவரை இறங்கி வந்து
அங்கேயே நின்றுகொண்டது.
விட்டதும் யோசித்து நிமிர்ந்தது.

“பழைய சரக்கு, யாரும் எடுக்கல.”
எண்ணூற்றைம்பது சொல்லி எழுநூறுக்குக் கொடுத்தான்.
நான் இடித்துக் கோணலாக்கிய டியூப்லைட்டைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.

கச்சான் ஓய்ந்த வாரம்.
விடியலில் தென்கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது.
தூரத்துப் பாலத்தில் ஒரு பஸ் மட்டும் இரைந்தது.

எறிந்து சுற்றினேன்.
பிளாஸ்டிக் உதட்டால் நீரை முட்டி இறங்கி
லூர் உடம்பை ஆட்டிக்கொண்டு வருவது
கோல் நுனியில் நடுக்கமாய்த் தெரிந்தது,
சுவருக்கு அப்பால் யாரோ பேசுவது போல.
நடுக்கம் நின்றால் பாசி.
துள்ளினால் கல்.

அப்புறம், பாரை.

கை வெட்டி இழுத்தது. பழக்கம்.
கோல் அதைக் கேட்டுக்கொண்டது,
மீனிடம் சொல்லவில்லை.
அரை நொடி.
அதற்குள் பாரை லூரோடு திரும்பிவிட்டது.
கொக்கி வாயோரம் போய்த் தானாக உட்கார்ந்தது.
பச்சைக் கோல் பாதிவரை வளைந்தபடியே
அது ஓடிய ஓட்டத்துக்கெல்லாம்
கொடுத்தது, வாங்கியது, கொடுத்தது.
ரீல் முனகியது. முழங்கால் பாறையில் உரசிச் சிராய்த்தது.

ஒன்றேமுக்கால் கிலோ.
அருளப்பன் தூக்கிப் பார்த்துவிட்டு
“கோல் நல்லாருக்கு” என்றான், மீனைச் சொல்லாமல்.
பாதியை அவனுக்கு வெட்டிக் கொடுத்தேன்,
இத்தனை வாரம் மனசுக்குள் திட்டியதற்கு.

திங்கட்கிழமை வாய்க்கால் வழக்கு.
சாட்சி எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே
பென்சில் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டது.
அவர் தெரியும் என்றார்.

ஃபைபரில் பென்சில் வருமா என்று
நாகூர்கனியிடம் கேட்கவேண்டும்.