இருபது விழுந்த பிறகு

காரைக்குடி, செக்காலைச் சாலை,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் அறை.
ஞாயிறு நாலு மணி. கரண்ட் இல்லை.
பணியாரப் பொட்டலம் பிரித்ததில்
காரச் சட்னி சொட்டி
உமையாளின் தாளில் 'துணிவு 3'
எட்டு மாதிரி தெரிகிறது.
அப்படியே இருக்கட்டுமே என்கிறாள்.
நான் விடவில்லை.

கதை நடத்துகிறவன் நான்.
ரங்கூனில் ஒரு கிட்டங்கி, அடைமழை,
மாடியில் இரும்புப் பெட்டி.
ஜெய்னுல் ஏஜெண்டு.
உமையாள் அடுத்தாள், மீசை உண்டு,
சாவி இடுப்பில்.
ஆரோக்கியம் போன வாரமே ஆற்றில் செத்துப்போனான்,
பணியாரத்துக்காக வருகிறான்.
செக்கப்பன் தரகன்.

செக்கப்பனுக்கு வாய் திக்கும்.
பள்ளத்தூர் என்று வராத நாக்கால்
கானாடுகாத்தான் வரை டிக்கெட் எடுத்துப்
பள்ளத்தூரில் இறங்குகிறவன்.
ஆளுக்குப் பத்துப் புள்ளி கொடுத்த அன்று
கத்திக்கு ஒன்றும் வைக்கவில்லை,
ஓட்டத்துக்கு வைக்கவில்லை,
ஒன்பதைப் பேச்சில் போட்டான்.
மிச்சம் ஒன்று நீச்சலுக்கு.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சிரித்தான் ஜெய்னுல்.
செக்கப்பனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.

இன்று அவன் தரகன்
அடுத்தாளிடம் சாவி கேட்கிறான்.
'என்ன சொல்லிக் கேட்கிறாய்' என்று
நான் கேட்பதில்லை. கத்தி வீசுகிறவனை
எழுந்து நின்று வீசிக் காட்டு என்கிறோமா?

பகடை உருண்டது.
சட்னிக் கிண்ணத்தில் முட்டி,
யோசிப்பதுபோல் ஒருமுறை சாய்ந்து,
நின்றது.
இருபது.

கொடுத்துவிட்டாய், என்றேன்.
யாரு?
நீதான். உன் அடுத்தாள்.
அவன் கொடுக்க மாட்டான்.
இருபது, உமையாள்.
அவன் எவ்வளவு அழகாப் பேசினான்னு
பகடை சொல்லட்டும்.
என் காதுல என்ன விழுந்துச்சுன்னு
நான் சொல்றேன்.

இருபது முகம் அதற்கு.
ஒன்றிலும் காது இல்லை.

திங்கள் முதல் சனி வரை நான்
இன்சூரன்ஸ் விற்கிறேன்.
புதன்கிழமை கோட்டையூரில் ஒருவர்
ஒன்பது தடவை வேண்டாம் என்று
பத்தாவது தடவை கையெழுத்துப் போட்டார்.
கை அவருடையது. பேனா என்னுடையது.
திரும்பி வரும்போது வண்டியில்
பாட்டுப் போட மனம் வரவில்லை.

'அ... அப்ப எ... என் ஒம்பது?'

கேட்டது செக்கப்பன்.
யாரும் அவனுக்காக வார்த்தையை முடிக்கவில்லை,
அது இந்த அறையின் வழக்கம்.
ஆனால் பதிலும் யாரிடமும் இல்லை.
அவன் என்னைப் பார்க்காமல்
பகடையைப் பார்த்தான்,
கடன் கொடுத்தவனைக் கடைத்தெருவில் பார்ப்பதுபோல,
இல்லை, கடன் வாங்கியவனைப் பார்ப்பதுபோல.

உமையாள் பேனாவைக் கடித்தாள்.
சரி, அவனுக்குச் சாவி எதுக்கு?

ஆறு வாரமாக ஆடுகிறோம்,
இதை யாரும் கேட்டிருக்கவில்லை.
நானும்.

பெ... பெட்டிக்குள்ள
எங்க அ... அப்பா எழுதிக் குடுத்த
நோட்டு இருக்கு, என்றான் தரகன்.
அது தரகன்தானா என்று
எனக்குச் சட்டென்று தெரியவில்லை.
அவ்வளவு சொல்ல
மழை பெய்கிற ரங்கூனில்
ஒரு படகு கரை சேரும் நேரம் ஆனது.

உமையாள் மீசையைத் தடவிக்கொண்டாள், இல்லாத மீசை.
சாவி தர மாட்டான்.
ஆனா அரிக்கேனை எடுத்துக்கிட்டு
இவனோட மாடி ஏறுவான்.
பெட்டியை அவனே திறப்பான்,
நோட்டை இவன் படிக்கலாம், எடுக்க முடியாது.
உன் இருபதுக்கு அவ்வளவுதான் தம்பி.

ஏஜெண்டு நான் ஒருத்தன் இருக்கேன்,
என்னை யாருமே கேக்கலையே என்றான் ஜெய்னுல்.
நீ தூங்குற, என்றார்கள் இரண்டு பேரும்.

என் நோட்டில்
சாவி கைமாறுகிறது, பெட்டி காலி,
வாசலில் போலீஸ் என்று
மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
மூடினேன்.
செத்துப்போன ஆரோக்கியம்
கடைசிப் பணியாரத்தை எடுத்தான்.

ஏறுங்கள், என்றேன்.
மூன்றாவது படி கிறீச்சிடும்.

அது எனக்கே
அப்போதுதான் தெரியும்.