பலகைகள்

பல நாளாய்ச் சூரியனும் இல்லை நட்சத்திரமும் இல்லை
என்ற இடத்தில் நிறுத்தி
உபதேசியார் ஏசடியான் கண்ணாடியைத் துடைத்தார்.
சேரம்பாடியில் அன்று மழைக்குப் பதினேழாம் நாள்.
யாரோ சிரித்தார்கள். தகரக் கூரை விடவில்லை.

ரோமாபுரிக்குக் கைதியாய்ப் போகிற பவுல்.
கப்பலில் இருநூற்று எழுபத்தாறு பேர்.
எண்ணித்தான் ஏற்றியிருக்கிறார்கள், எங்களைப் போலவே.
தலைமன்னாரில் என் வயது ஒன்பது.
கடலைப் பார்த்த ஞாபகமே இல்லை,
தகரப்பெட்டி மேல் உட்காரவைத்து
"எழுந்திரிச்சே, போச்சு" என்றார் அப்பா.

அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது.
குடும்ப அட்டை, கிடைக்காத கடனுக்கு எழுதிய மனுக்கள்,
விட்டுவந்த பசுவின் விலை.
எங்களைச் சிலோன்காரி என்றவர்களின் பட்டியல்
காகிதத்தில் இல்லை.
ஆனால் அதுவும் பெட்டியில்தான்.

முதலில் சரக்கை எறிந்தார்கள்.
பிறகு தளவாடங்களை.
கடைசியில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கோதுமையை.
செபஸ்தி முழங்கையால் இடித்தாள்:
"ஃபேக்டரி மூடின வாரம் கொழுந்தை ஓடையில கொட்டினோமே, அது மாதிரி."
அது மாதிரி இல்லை, செபஸ்தி.
நாம் கொட்டியது இன்னொருத்தருடைய கொழுந்து.

கப்பல் தப்பியது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.
இல்லை.
மூக்கு மணலில் புதைந்து
பின்பக்கம் அலையில் பிளந்து
கப்பல் போய்விட்டது.
நீந்தத் தெரிந்தவர் நீந்தினார்.
மற்றவரைக் கரைசேர்த்தவை பலகைகள்,
கப்பலாய் இல்லாமல் போன பிறகும்
மிதந்த மரம்.

இராமேஸ்வரத்தில் இறங்கினோம் என்கிறார்கள்.
நான் இறங்கவில்லை.
நாற்பத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளியதும்
பெட்டி மேல் உட்கார்ந்தபடிதான்.
இப்போது ஓய்வு.
லயத்தைக் காலிசெய்ய இரண்டாவது நோட்டீஸ்.

ஏசடியான் பக்கம் திருப்பினார்.
தீவு. மழை. குளிர்.
முன்பின் தெரியாதவர்கள் தீ மூட்டுகிறார்கள்.
பவுல் அப்போது பிரசங்கிக்கவில்லை,
குனிந்து சுள்ளி பொறுக்குகிறார்.
சுள்ளிக்குள் ஒரு விரியன் இருந்தது,
அதைப் பற்றி உபதேசியார் அரைமணி நேரம் பேசினார்.
நான் கேட்கவில்லை.
குனிந்த முதுகிலேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்
சில்வர் ஓக் அடியில் ஒரு கை சுள்ளி, எல்லாம் ஈரம்.
காய்ந்த காகிதம் பெட்டியில் நிறைய இருந்தது.
குடும்ப அட்டையை மட்டும் தனியே வைத்தேன்,
அதில் என் பெயரைத் தப்பாய் எழுதியிருக்கிறார்கள்.

புகைந்து, இருமவைத்து, ஒருவழியாய்ப் பற்றியது.
வாசலில் செபஸ்தி, தலையில் யூரியா சாக்கு.
"என்னத்தடி எரிக்கிற?"

தெரியல.
கையை நீட்டு. சூடா இருக்கு.