முப்பதாவது சீட்டு

ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு
பஸ்ஸில் சீட்டு கிடைத்தால் ஏழு ஆட்டம்,
நின்றுகொண்டே போனால் நாலு.
ரேங்கில் ஏறுவதற்கு என் டெக் சிவப்பு.
மூணு வெறிநாய், மூணு தீப்பந்தம்,
யோசிக்கவென்று ஒரு சீட்டும் கிடையாது.
ஆறாவது சுற்றுக்குள் அவன் செத்திருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் நான்.
நூற்றுக்கு ஐம்பத்தாறு ஜெயித்தால் ஏணி ஏறிவிடும்.
மீதி நாற்பத்து நாலுக்குத்
துக்கம் கேட்க யாரும் வருவதில்லை.

எதிரில் இருப்பதற்கு முகமில்லை.
ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ரெண்டு எண்.
முடிந்ததும் அடுத்த பெயர்.
ஆயிரம் இலைக்கு ரசம் வைப்பவர்
ஒவ்வொரு நாக்கையும் கேட்டா உப்புப் போடுவார்?

ஞாயிற்றுக்கிழமை வேறு.
நாலு டெக் எழுதி வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட வேண்டும்.
எதிராளி நாலையும் படிப்பான்.
ஒன்றைத் தள்ளிவைப்பான்.
மிச்ச மூன்றிலும் தலைக்கு ஒரு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும்,
கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு
குடும்பம் நடத்த முடியாது.

நான் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன்.
விரலி ஒரு தட்டில், கிழங்கு ஒரு தட்டில்.
சாம்பிளை எல்லாரும் ஒடித்துப் பார்ப்பார்கள்,
எல்லாருக்கும் கேட்பது ஒரே சத்தம்.
விலையை மட்டும் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார்கள்.
மடிக்கும் கையைப் பார்த்தே
ஆள் எவ்வளவுக்குப் போவார் என்று சொல்லிவிடுவேன்.
அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மூணு வாரம் ராத்திரி உட்கார்ந்து கட்டினேன்.
ஒவ்வொரு டெக்கிலும் இருபத்தொன்பது சீட்டு ஊருக்காக,
முப்பதாவது ஒருத்தனுக்காக.
திருச்செங்கோட்டுப் பரணீதரன்.
மூணு போட்டியிலும் மயான டெக் கொண்டுவந்தவன்,
கொன்றதையெல்லாம் எழுப்பி நிறுத்துகிறவன்.
அவனுக்காக ஊமைச் சாட்சி:
மேசைமேல் இருக்கும்வரை செத்தது எதுவும் எழாது.
ரேங்கில் இதை வைப்பவன் பைத்தியம்.
இருபது பேரில் ஒருத்தனுக்குத்தான் உதவும்,
மற்றவர்களிடம் கையில் செத்துக் கிடக்கும்.

பத்து மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள்.
அவன் நாலு டெக்கிலும் மயானம் இல்லை.

என்னுடையதில் ஊமைச் சாட்சி நாலு.
மாற்ற முடியுமா என்று கேட்டேன்.
"கொடுத்தது கொடுத்ததுதானுங்."

காலிறுதியில் எதிரே வந்து உட்கார்ந்தான்.
நகக்கண்ணில் கல்மாவு.
"ஏனுங், விரலி நாப்பத்தொண்ணு நீங்கதானுங்ளே?
நான் ரிக்கு ஏழு.
ராய்ச்சூர்ப் பக்கம் போர் போட்டுட்டு இருந்தமுங்.
குழாய் எறங்குற நேரம் சும்மாத்தான இருக்கோணும்.
ராத்திரி ஒரு மணிக்குப் பதினோரு ஆட்டம் ஆடியிருக்கறோம்,
ஏழு நீங்க."
ரிக்கு ஏழு.
முகமே இல்லை என்று நான் தள்ளிவிட்ட பெயர்களில் ஒன்று.

எல்லாரும் தள்ளுகிற சிவப்பை விட்டுவிட்டு
என் பச்சையைத் தள்ளிவைத்தான்.
"செவப்பு எனக்குப் பழகுன வெட்டுங்."

மூன்றுக்கு இரண்டு. அவன்தான்.
ஐந்தாவது ஆட்டத்தில் முதல் கையிலேயே
ஊமைச் சாட்சி வந்தது, கடைசிவரை அங்கேயே இருந்தது.
எழுந்திருக்க அவனிடம் பிணமே இல்லை.

"மயானத்தை ஏன் எடுத்தீங்க?"
மண்டியில் விலை மடிப்பவர்களைப் போல
கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"நீங்க வர்றீங்கன்னு பேரு போட்டிருந்துச்சுங்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
ரேங்கைத் திறந்தேன், சிவப்பை எடுத்தேன்.
முப்பதாவது சீட்டின்மேல் விரலை வைத்தேன்.
அதன் இடத்தில் ஒரு வெறிநாய் போட்டால்
நூற்றுக்கு ஒன்று கூடும்,
கணக்குப் பிள்ளைக்குத் தெரியாதா?

விஜயமங்கலம் தாண்டுகையில்
யாரோ ஒருத்தரிடம் தோற்றேன், ஊமைச் சாட்சி கையிலிருக்க.
இன்னும் எடுக்கவில்லை.
ஒரு மணிவரை முழித்திருக்கப் போவதில்லை,
நாளைக்கு ஏலம் இருக்கிறது.
போனுக்குச் சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறேன்.