அறுபது சென்ட்

மீஞ்சூர் கேட் போட்டிருந்தார்கள்.
நிலக்கரி வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
துறைமுகத்தில் என் வேலையே
கன்டெய்னர் சீலில் உள்ள நம்பரும்
காகிதத்தில் உள்ள நம்பரும்
ஒன்றுதானா என்று பார்ப்பது.

அதனால் தாய்ப்பத்திரம் கேட்டேன்.
முப்பது வருச வில்லங்கம் கேட்டேன்.
பட்டாவில் நாலு பேர்,
கையெழுத்துப் போட மூணு பேர்.
நாலாவது அக்கா அந்தமானில்.
"அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க சார்"
என்றார் புரோக்கர் ஏகாம்பரம்.
அந்தமானிலிருந்தும் கப்பல் வருகிறது என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

புலப்படத்தில் கிழக்கே இரட்டைக் கோடு: ஓடை.
நேரில் அந்த இடத்தில்
புதிதாகக் கொட்டிய சாம்பல் மண்,
அதன் மேல் நேற்று நட்ட கல்.
தொட்டேன். சுண்ணாம்பு விரலோடு வந்தது.
தலைக்கு மேலே
அனல்மின் நிலையத்துக் கம்பிகள்
யாரையோ திட்டுவதுபோல் முனகிக்கொண்டிருந்தன.

அமலோற்பவம் என்னோடு நிற்கவில்லை.
பக்கத்து வீட்டு போர் பைப்படியில் குந்தி
கைப்பையிலிருந்து சோப்புத் துண்டை எடுத்து
தேய்த்தாள், தேய்த்தாள்.
நுரையே இல்லை.
ஏகாம்பரத்தின் பைக்கில் தொங்கியது
அவர் வீட்டுத் தண்ணீர் பாட்டில்.

அந்த வீட்டம்மா டீ குடிக்கக் கூப்பிட்டாள்.
"நல்ல இடம்தாங்க, ஒரு குறையுமில்ல."
சொல்லிக்கொண்டே டம்ளர் நீட்டினாள்.
நான் கட்டிலைப் பார்த்தேன்.
ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று ஹாலோ பிளாக்.
பீரோவுக்கும் மூன்று.
தையல் மெஷின் மேசைமேல்.
தண்டையார்பேட்டையில் எங்கள் பீரோவுக்கு
இரண்டு செங்கல்தான்.
மழைக்குப் பயந்துதான்
இடம் தேடிக் கிளம்பியிருந்தோம்.

எந்தப் பத்திரத்திலும் இல்லாத அளவு அது.
அமலோற்பவமும் எண்ணிவிட்டாள்.
டீ நன்றாக இருக்கிறது என்றாள், பாலை மட்டும் நம்பி.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே போன் வந்தது.
சென்டுக்குப் பதினைந்தாயிரம் குறைக்கிறார்களாம்.
இன்றைக்கே என்றால் இன்னும் கொஞ்சமாம்.
கேட்காமலே குறைகிற விலையைக் கேட்டு
நான் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பணம் பத்தாயிரம்
சட்டையின் உள்பையில்,
காலையில் அவள் குத்திய ஊக்கோடு.
எண்ணூர் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது.
ஊக்கு இருக்கிறதா என்று
ஒருமுறை தடவிப் பார்த்தேன்.
அப்புறம், சொல்ல வெட்கம்,
மேற்கு மூலையில் வைக்க நினைத்த முருங்கையை
கொஞ்சம் மேடாகப் பார்த்து
மனசுக்குள் மாற்றி நட்டேன்.