தபாலில் வந்த வெண்கலம்

எங்கள் வீட்டில் நொடியை
நூறாகக் கிழித்துத்தான் பேசுவார்கள்.
அப்பா ராயப்பன், ஆயுதப்படை, நானூறு மீட்டர்:
நாற்பத்தெட்டுப் புள்ளி ஆறு இரண்டு.
அந்த இரண்டைச் சொல்லும்போது
சோற்றில் கை அப்படியே நிற்கும்.
அம்மா வெறுங்காலில் நூறு மீட்டர் ஓடி
மாவட்டத்தை வென்றவள்.
அண்ணன் தடை தாண்டுவான்.
சித்தி மகள் பிரகாசி நீளம் தாண்டுவாள்,
கோபம் வந்தால் கதவைச் சாத்துவதற்குள்
தெருமுனையில் இருப்பாள்.
ஓடி முடிக்க அரைமணி எடுப்பவள்
நான் ஒருத்திதான்.

"நம்ம ரத்தத்துல இது எங்கேருந்து வந்துச்சு?"
அப்பா கேட்டார், கோபமில்லாமல்,
வலையில் ஏறிய பேர் தெரியாத மீனைப்
புரட்டிப் பார்ப்பதுபோல.

மூக்கையூரிலிருந்து மாரியூர் வரை,
நீர் வற்றிய நேரத்து இறுகின மணல்.
அண்ணனின் பழைய ஷூ, நுனியில் தினத்தாள் திணித்தது.
போகும்போது கச்சான் முதுகைத் தள்ளிவிடும்.
திரும்பும்போது அதே கச்சான்
கடன் கொடுத்தவன்போல எதிரே நின்று
வாய்க்குள் மணலை அள்ளிப் போடும்.
வள்ளம் தள்ளுகிறவர்கள் கேட்பார்கள்:
"யாரு பிள்ள தொரத்துறா?"
பத்து வருடம் கேட்டார்கள்.
பிறகு கேட்கவில்லை,
என்னைப் பார்த்து மணி சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

திருச்சி, சேலம், ஒருமுறை கொல்லம்.
சான்றிதழ்கள் அரிசிப் பெட்டிக்கு மேலே.
அப்புறம் வடக்கே ஒரு ஊரில் தேசியப் போட்டி,
பத்தாயிரம் மீட்டர், இரவு விளக்கில்,
இருபத்தைந்து சுற்று.
அப்பா லீவு போட்டு வந்திருந்தார், கடிகாரத்தோடு.
பதினான்காம் சுற்றில் கணக்கு தப்பி
டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் முந்நூற்றுப் பதினெட்டு.
முகம் தெரியாது. முதுகு தெரியும்.
இடது தோளில் வெயில் உரித்த தோல்.
எண் தாளில் நான்கு ஊசி,
கீழ் வலது ஊசி திறந்து கிடக்க
ஒவ்வோர் அடிக்கும் அந்த மூலை அடித்துக்கொண்டது.
பதினொரு சுற்று அதையே பார்த்து ஓடினேன்.
கடைசி மணி அடித்ததும் அவள் போய்விட்டாள்.
நான் நான்காவது.
நாலு செகண்ட் வித்தியாசம்.
"நாலு செகண்டா!" என்றார் அப்பா டீ கிளாஸோடு,
"நானூறுல நாலு செகண்ட்னா
ஆளு வேற ஜில்லாவுல நிப்பான்."

முப்பத்தொன்றில் கெண்டைக்கால் எலும்பு விரிசல்.
படத்தில் அது
சோற்றில் கிடக்கும் தலைமுடி அளவு.
ராமநாதபுரம் ரயில் நிலையத்தில்
டிக்கெட் கொடுக்கும் வேலை, விளையாட்டு ஒதுக்கீடு.
இன்னொருவர் போகும் தூரத்துக்கு
சீட்டு கிழிப்பவள் ஆனேன்.

ரெண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்தது:
முந்நூற்றுப் பதினெட்டின் சிறுநீரில் ஏதோ இருந்ததாம்.
பின்னாலேயே வெண்கலம், பதிவுத் தபாலில்.
கையெழுத்துப் போட்டது அம்மா.
நான் வேலை முடிந்து வந்தபோது
பொட்டலம் பிரித்து, மீன் தராசில் எடை பார்த்து,
தெருவுக்கே காட்டி முடித்திருந்தார்கள்.
முக்காலியை இழுத்துப் போட்டு
"ஏறுடி" என்றான் அண்ணன்.
ஏறவில்லை, கால் வலிக்கிறது என்றேன்.
சாப்பிடும்போது அப்பா
அன்றைக்கு என் நேரம் என்ன என்று கேட்டார்,
முதல்தடவையாக.
முப்பத்துநான்கு நிமிடம், ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு ஏழு.
"ஏழு" என்றார்.
சோற்றில் கை நின்றது.

வருகிறவர்களிடம் அம்மா மூன்றாவது என்கிறாள்.
நான் திருத்துவதில்லை.
எலும்பு கூடியபின்
மெதுவாக மாரியூர் வரை போய் வருகிறேன்.
கச்சானில் திரும்பும்போது
அந்தத் தோள் இன்னும் முன்னால் போகிறது,
தாள் மூலை அடித்துக்கொள்கிறது.
அவள் என்ன தின்றாள், யார் கொடுத்தார்கள்,
இப்போது எந்த ஊரில் என்ன செய்கிறாள்,
எதுவும் தெரியாது.
ஊசி திறந்திருக்கிறது என்று
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
பதினொரு சுற்றும் குத்தியிருக்கும்.