இரண்டு தராசு

மாதத்தில் இரண்டாம் புதன் கிளினிக்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிறேன்.
முள் கொஞ்சம் நடுங்கி
நாற்பத்து மூன்றில் நின்றது.
போன மாதமும் இதே நாற்பத்து மூன்று.

மிஸி சிங்களத்தில் ஏதோ சொல்ல
வரிசையில் பின்னால் நின்ற மரியபுஷ்பம்
தமிழில் எடுத்துச் சொன்னாள்:
"பிள்ளைய நீ வளக்கலயாம்."

மிஸி அப்படிச் சொல்லவில்லை.
அந்த அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும்.

அட்டையின் முதல் பக்கத்தில்
முந்திய கர்ப்பம் 1
உயிரோடு 0.
லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்
கொழுந்து லொறிக்குள் நடந்தது அது.
இரண்டு இலக்கமும் பக்கத்துப் பக்கத்தில்.
கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால்
பத்து மாதிரித் தெரியும்.

'சிக்கல்கள்' என்று ஒரு கட்டம்.
பெருவிரலை வைத்தால் மறைந்துபோகும்.
இரத்தம் எட்டு தசம் ஒன்று என்று எழுதியதும்
கட்டம் நிரம்பிவிட்டது.

இடம் இருந்திருந்தால்
கக்கூசுக்குப் போகும் படியைச் சொல்லியிருப்பேன்.
லயத்திலிருந்து முப்பத்தொன்று, எல்லாம் இறக்கம்,
இரவில் நாலு தடவை.
டோர்ச்சுக்கு பேட்டரி தீர்ந்த பிறகு
எண்ணி எண்ணித்தான் இறங்குகிறேன்.
படங்கைச் சொல்லியிருப்பேன்:
வயிற்றுக்கு மேலே கட்டினால் வழுகும்,
கீழே கட்டினால் இறுகும்.
ஆறாம் நம்பர் மலையில்
கானைத் தாண்டக் காலை அகட்டும்போது
உள்ளே யாரோ என் முந்தானையைப் பிடித்து
போகாதே என்கிற மாதிரி ஓர் இழுப்பு.
அதற்கு சிங்களத்தில் என்ன சொல்வார்கள்
மரியபுஷ்பத்துக்கும் தெரியாது.

கையிலிருந்த அட்டை
இரத்தம் போதாது என்றது.
வெளியே வந்து பாவாடையை உயர்த்திப் பார்த்தேன்.
கெண்டைக்காலில் இருந்த அட்டை
அப்படி ஒன்றும் குறை சொல்லவில்லை.

சிவப்பு மாத்திரை முப்பது கொடுத்தார்கள்.
ஒரு நிபந்தனை:
தேத்தண்ணியோடு போடக் கூடாது.
முன்னே ஒரு மணித்தியாலம், பின்னே ஒரு மணித்தியாலம்
தேயிலை வாயில் படக் கூடாது.
உடம்புக்குப் போகிற இரும்பை
அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மிஸி நிமிர்ந்து பார்த்தாள்.
நான் சிரித்ததை மட்டும்
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

தவக்குமாருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
கொழும்பில் ஹாட்வெயார் கடையில் நிற்கிறான்.
"இரும்பா? இங்க டன் கணக்கில கிடக்கு,
பஸ்ஸில போட்டு விடவா?"
இரண்டு பேரும் சிரித்தோம்.
பிறகு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கார்ட்டில் காசு முடிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது.
மடுவத்தில் என் கொழுந்து பதினேழு கிலோ.
"ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு"
கணக்கப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கழித்தார்.
பதினாலு.
பதினெட்டுக்கு நாலு குறைவு.
அரைப்பேர்.

பிறக்கும்போது பிள்ளை
இரண்டரை கிலோவாவது இருக்க வேண்டும் என்று
டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
கழித்துப் போட்ட மூன்று கிலோவை
நினைத்துக்கொண்டே நின்றேன்.
நல்ல கொழுத்த பிள்ளை.
பின்னால் நின்றவள் நகரச் சொன்னாள்.

இரவு எட்டு மணிக்கு மாத்திரை,
வெறும் தண்ணீரில்.
பக்கத்துக் காம்பராவில் நாடகம் முடிந்தால் ஒன்பது.
அதுவரைக்கும் அடுப்பில் கேத்தல் கிடந்து கொதிக்கட்டும்.
இடப்பக்கமாகச் சரிந்து படுத்துக்கொண்டு
உதையை எண்ணச் சொல்லியிருக்கிறாள் மிஸி,
பத்து வரைக்கும்.

ஏழு.
கூரைத் தகரத்தில் மழையா, இல்லை உதையா,
இது எட்டு என்றே வைப்போம்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒருத்தி அழத் தொடங்கியதும் விளம்பரம் வந்துவிட்டது,
சவர்க்காரம், பிறகு பால்மா.

ஒன்பது.

இன்னும் விளம்பரம்தான் ஓடுகிறது.