கடல் கறுப்பு என்று வைத்துக்கொண்டால்

மேலே போய்ச்சேரும் பத்துப் பங்கு வெளிச்சத்தில்
ஒன்பது வானத்துடையது.
கடலின் சரக்கு ஒன்றே ஒன்று.
அதிலும் நுரைக்கு, வெயில் தெறிப்புக்கு
ஏலக்கூடத்தில் போல் கமிஷன்.

என் வேலை கழித்தல் கணக்கு.
காற்று சிதறிய நீலத்தை முதலில்.
பிறகு உப்புத்தூள், சூளைப்புகை,
எந்தப் பாலையிலோ கிளம்பிய மணல்.
மிச்சம் கடல்.

தூசி எவ்வளவென்று யாரிடம் கேட்பது?
ஒரு தந்திரம் உண்டு:
சிவப்புக்கும் அப்பால், கண் எட்டாத நிறத்தில்
கடல் கறுப்பு என்று வைத்துக்கொள்.
அந்தக் கறுப்பில் எது மினுங்கினாலும் தூசி.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்
தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் தாண்டி
ஜெர்பினின் ஃபைபர் வள்ளத்தில் நின்றேன்.
ஒன்றரை மணிக்குக் கோள் கடக்கும்.
வெயிலுக்கு முதுகைச் சாய்த்துக் காட்டி
கருவியைப் பலகைக்கு, வானத்துக்கு, தண்ணீருக்கு
மாற்றி மாற்றிப் பிடித்தேன்.
நீலம்: ஆயிரத்தில் நான்கு.

“கறுப்பாட்டு இருக்கும்னு யாரு சொன்னா?”
ஜெர்பின் சிரித்தான். “இது ஆத்துக் கலக்கு.
கறுத்த வெள்ளத்துக்கு இருவது பாகம் தாண்டணும்.”
பிறகு பெட்ரோல் விலையைப் பேசினான்.

இரவு, நாகர்கோவில் அறையில் படம் இறங்கியது.
எங்கள் கட்டம் முக்கால் கிலோமீட்டர் சதுரம்.
வள்ளம், அவன் சிவப்புத் தொப்பி, நான் எடுத்த வாந்தி
எல்லாம் சேர்த்து ஒரே எண்.
நீலம்: ஆயிரத்தில் மைனஸ் இரண்டு.

மைனஸ்.
கடல் வெளிச்சம் கடன்பட்டிருந்தது.

குழித்துறை தாண்டி வந்த செம்மண்
அந்தக் காணா நிறத்தில் மினுங்கியிருக்கிறது.
மண்ணைத் தூசி என்று எண்ணி
இல்லாத வானத்தைக்
கடலிலிருந்து கழித்திருக்கிறேன்.

இன்னும் தள்ளிப் போனேன்,
சேறும் கறுத்துப்போகும் ஒரு நிறத்துக்கு.
மறுபடி ‘வைத்துக்கொள்’.
மறுபடி கழித்தல்.
ஐந்து வந்தது.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன?
மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து
அளவுப் பலகையை டார்ச்சில் சாய்த்துப் பார்த்தேன்.
ஓரத்தில் ஒரு சாளைச் செதில்,
நகம் அளவு கூட இல்லை, அப்படி ஒரு மினுக்கம்.
ஒன்றரை மணிக்கு முன்பே ஒட்டியதா, பின்பா?

ஜெர்பினுக்குப் போன் போட நேரம் அது இல்லை.
அவன் இருபது பாகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பான்.
செதிலை எழுத
படிவத்தில் கட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.